வீணையின் நோய்

இனிய ஓசையைக் கேட்டு மகிழ்தல் எளிது. அவ்வோசையினுள் புகுந்துவிட்ட ஒரு சிறு கரகரப்பு எங்கிருந்து பிறக்கின்றது எனக் கண்டறிதல் எளிதன்று. மரம் வெடித்தால் கண் காணும். தந்தி அறுந்தால் கை அறியும். ஓசையில் நேரும் குறையோ ஓரிடத்தில் பிறந்து மற்றோரிடத்தில் பிறந்தது போலத் தோன்றிக் காதை ஏமாற்றும். எங்கள் வீட்டு வீணைக்கு அத்தகைய குறையொன்று நேர்ந்தது. அதனை நாங்கள் தேடிக் கண்ட வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையில், நாகமலை என்னும் நீண்ட குன்றுத்தொடரின் அடியில் எங்கள் ஊராகிய நாகமலை புதுக்கோட்டை அமைந்துள்ளது. நீண்டு கிடக்கும் நாகம் போன்ற தோற்றத்தால் அம்மலை அப்பெயர் பெற்றது என்பர். தமிழாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்றபின் நான் இவ்வூரிலேயே தங்கிவிட்டேன். என் துணைவியார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசித்த தஞ்சாவூர் வீணை ஒன்று எங்கள் இல்லத்தில் உண்டு. அவர் மறைந்தபின் மூன்று ஆண்டுகள் அஃது உறைக்குள்ளேயே கிடந்தது. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் பெயர்த்தி, சென்ற கோடை விடுமுறையில், தன் பாட்டியின் வீணையைத் தானே வாசிக்கப் பயில்வதென்று முடிவு செய்து உறையைக் கழற்றினாள். பாடத்தின் தொடக்க நாள்களிலேயே, தந்தியின் ஒலியோடு வண்டு முரல்வது போன்ற ஓர் இரைச்சலும் உடன் எழக் கண்டோம்.

வீணையின் உறுப்புகளை அறியாதார்க்கு மேலே சொல்லப்போவது விளங்காது. ஆதலின் அவற்றைச் சுருங்கச் சொல்லுவேன். பலாமரத்தைக் குடைந்து செய்த உருண்ட பகுதி குடம். அதனின்று நீளும் கழுத்து தண்டி. தண்டியின் நுனியில் யாளிமுகம் விளங்கும். குடத்தின்மேல் நிற்கும் சிறு பாலத்திற்குக் குதிரை என்று பெயர். தந்திகள் ஒருபுறம் நாகபாசத்தில் கட்டுண்டு, குதிரையின்மேல் ஏறி, தண்டியின்மேல் ஓடி, மேரு என்னும் கட்டையைக் கடந்து, பிரடைகளில் சுற்றப்பட்டிருக்கும். (தந்தி என்றவுடன் உங்களுள் பலருக்குச் செய்தித்தாள்தான் நினைவுக்கு வரும். நான் கூறுவது கம்பியை. விலங்கின் நரம்பினால் யாழுக்குக் கட்டிய காலத்தில் நம் முன்னோர் இதனை நரம்பு என்றே வழங்கினர்.) வீணைக்குத் தந்திகள் ஏழு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம் என்னும் நான்கும் வாசிப்பதற்கு உரியவை. எஞ்சிய மூன்றும் பக்கவாட்டில் ஒரு பித்தளை வளைவின்மேல் செல்லும். அவை தாளத் தந்திகள். சுண்டுவிரலால் தட்டித் தாளம் காட்டுவதற்கு அவை உதவும்.

தண்டியின்மேல் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து காய்ச்சிய கருமெழுகு இரண்டு வரப்புகளாக அமைந்திருக்கும். அவ்வரப்புகளின்மேல் 24 மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். மெழுகு இளகியிருக்கும்போதே ஒவ்வொரு மெட்டையும் மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தி, சுரத்தைக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவர். இதனை மேளம் வைத்தல் என்பர். எங்கள் வீணைக்கு மேளம் வைத்த முதியவர் தஞ்சையில் வாழ்ந்தவர். மூன்று நாள் என் துணைவியார் அவர் அருகே அமர்ந்து, ‘இன்னும் சிறிது, இன்னும் சிறிது’ என்று கூற, அவரும் சலியாது நகர்த்தி வைத்தார். அம்முதியவரும் இன்று இல்லை. ஆகவே, அந்த 24 மெட்டுகளும் நிற்கும் இடங்கள், மறைந்த இருவருடைய செவிகள் கூடி எழுதிவைத்த ஓர் ஏடு என்றே நான் கருதி வந்தேன்.

இசைக்கருவிகளைச் செப்பனிடும் ஒருவரை மதுரையிலிருந்து வரவழைத்தோம். அவர் வீணையை மடியில் வைத்து இரண்டாம் தந்தியாகிய பஞ்சமத்தை நான்கைந்து முறை மீட்டினார். ஒரு மெட்டை நகத்தால் தட்டினார். “ஐயா, மெழுகு தளர்ந்துவிட்டது. முழுவதையும் உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் வைத்தால்தான் சரிப்படும்; வருகிற வாரம் எடுத்துப் போகிறேன்” என்றார். அவர் கூறிய மருந்தில் பிழையில்லை. மெழுகு தளர்ந்த வீணைக்கு அதுவே மருந்து. இந்த வீணைக்கு வந்தது அந்த நோய்தானா என்பதே என் ஐயம். உருக்கிய மெழுகை மீண்டும் வார்க்கலாம். உருக்குமுன் மெட்டுகள் நின்ற இடங்களை மீண்டும் வார்க்க இயலாது. “ஒரு வாரம் பொறுங்கள், சொல்லியனுப்புகிறேன்” என்று கூறி, அவருக்கு மோர் கொடுத்து விடைகொடுத்தேன்.

கருவியின் குறையை ஆராய்ந்து கூறுதல் நம் இலக்கியத்தில் பெரிதும் போற்றப்பட்ட திறமாகும். எங்கள் ஊருக்கு அணித்தாகக் கீழக்குயில்குடியில் சமணர்மலை இருக்கின்றது. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் அங்கே காணலாம். சமண முனிவராகிய திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியை அம்மலையைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பது என் வழக்கம். 1887 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து நமக்கு அளித்த நூல் அது. யாழில் தன்னை வெல்வானையே மணப்பேன் என்றிருந்த காந்தருவதத்தையின் அவைக்குச் சீவகன் வருகின்றான். அவனுக்கு யாழ்கள் பல காட்டப்படுகின்றன. அவன் ஒன்றை நீரில் நின்று இளகிய மரம் என்று விலக்குகின்றான். மற்றொன்றை வாள்பட்ட புண் உடையது என்று தள்ளுகின்றான். இன்னொன்றை இடியுண்ட மரம் என்று ஒதுக்குகின்றான். வாசித்துக் காட்டுமுன்னரே அவன் பாதி வென்றுவிட்டான் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. நரம்பின் குற்றங்களையும் பழைய உரைகாரர் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்காக வகுத்துரைப்பர். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழைத் தொட்டதும் செய்யும் செயல்கள் எட்டனுள் ஒன்றற்கு ஆராய்தல் என்றே பெயர்.

சீவகனுக்கு ஒரு வசதி இருந்தது. பழுதுபட்ட யாழை அவன் விலக்கிவிட்டு வேறு யாழ் கேட்கலாம். எங்களுக்கு இருப்பதோ இந்த ஒரு வீணை.

இரைச்சல் யாவும் குற்றம் என்று எண்ணற்க. தம்புரா மீட்டுவோர், தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழையைத் தாமே வேண்டுமென்று செருகுவர். அதனை ஜீவா என்று கூறுவர். உயிர் என்பது அதன் பொருள். அந்நூலைச் சரியான இடத்தில் நிறுத்தினால் தந்தி குதிரையின் பரப்பை மெல்லத் தொட்டுத் தொட்டு மீண்டு, தேனீக் கூட்டம் போல ரீங்கரிக்கும். நூலை எடுத்துவிட்டால் ஒலி வறண்டுபோகும். வீணைக் குதிரையின்மேல் பதித்த உலோகத் தகடும் சற்றே வளைந்திருப்பது இதுபற்றியே. ஆகவே தம்புராவுக்கு உயிராக இருப்பதே வேறிடத்தில் தோன்றினால் நோயாகின்றது. எந்த இரைச்சல் கருவிக்கு உரியது, எது வந்தேறியது என்று பகுத்தறியப் பழகிய செவி வேண்டும். என் பெயர்த்திக்கு அச்செவி அவள் பாட்டியிடமிருந்து வந்திருக்கின்றது.

தந்தி ஒலிப்பது அஃது அதிர்வதனால். அதிரும்போது அது மேலும் கீழுமாகவும் பக்கங்களிலும் வீசியாடும். நடுவில் அவ்வீச்சு மிகுதியாகவும் இருமுனைகளில் இல்லையாகவும் இருக்கும். அவ்வீச்சின் எல்லைக்குள் யாதேனும் ஒரு பொருள் நுனி நீட்டினால் தந்தி அதன்மேல் மோதும். மோதினால் கரகரப்பு எழும். இது ஒருவகை. தந்தி எதன்மேலும் மோதாமல் செவ்வனே ஒலிக்க, அவ்வொலியினால் வேறொரு தளர்ந்த பொருள் தானே நடுங்கி இரைவது மற்றொரு வகை. முன்னதைத் தேடும் வழி வேறு. பின்னதைத் தேடும் வழி வேறு.

முதலில் வீணையைக் கூடத்திலிருந்து எடுத்துத் திண்ணைக்குக் கொணர்ந்தோம். இது கேட்டு நகையாதீர். கூடத்தில் அலமாரிக் கண்ணாடியும் பித்தளைத் தட்டுகளும் இருந்தன. அவை நடுங்கி எழுப்பும் ஒலியை வீணையின் ஒலியாகக் கொள்வது உண்டு. திண்ணையிலும் இரைச்சல் தொடர்ந்தது. அடுத்து அவள் விரல்களைக் கவனித்தேன். விரல் மெட்டின்மேல் நன்கு படியாமல் பின்தங்கினாலும், அழுத்தம் குறைந்தாலும் தந்தி மெட்டில் தத்தளித்துக் கரகரக்கும். புதிதாகப் பயில்வோர் பலருக்கு இதுவே நோய். அவள் விரல்கள் சரியாகவே படிந்தன. குதிரையின் தகட்டை அரக்கு விடாமல் பற்றியிருந்தது. பிரடைகள் இறுகியிருந்தன.

இனி மெட்டுகள். ஒரு மெட்டு உயர்ந்துவிட்டால் அதற்கு முந்தைய மெட்டில் விரல் வைக்கும்போது தந்தி உயர்ந்த மெட்டின்மேல் உரசும். விரலை அந்த உயர்ந்த மெட்டுக்கே கொண்டுபோனால் உரசல் நின்றுவிடும். ஆகவே, மேலேறிச் செல்லச் செல்ல இரைச்சல் எந்த மெட்டில் திடீரென நிற்கின்றதோ அதுவே குற்றமுடைய மெட்டு. மெழுகு தளர்ந்து மெட்டு ஆடினால், அந்த மெட்டின்மேல் செல்லும் நான்கு தந்திகளிலும் அக்குறை தெரியவேண்டும். இவ்விரண்டையும் அவளுக்கு விளக்கிவிட்டு, “நான்கு தந்திகள், ஒவ்வொன்றிலும் விரல் வையாத நிலை ஒன்று, மெட்டுகள் 24. ஆக நூறு இடங்கள். ஒன்றையும் விடாமல் மீட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வா, அம்மா” என்றேன்.

அவள் கணக்குப் பாடக் கட்டத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பிற்பகல்கள் அமர்ந்தாள். இரைச்சல் மிகுந்த இடத்தில் பெரும்புள்ளி. மெல்லிதாகக் கேட்ட இடத்தில் சிறுபுள்ளி. மூன்றாம் நாள் காலையில் தாளைக் கொணர்ந்து என் முன் விரித்தாள். புள்ளிகள் ஒரு மெட்டில் கூடி நிற்கவில்லை. சாரணியில் ஏழாம் மெட்டில் ஒரு பெரும்புள்ளி. பஞ்சமத் தந்தியில் பன்னிரண்டாம் மெட்டில் ஒன்று. மந்தரத்தில் பத்தொன்பதாம் மெட்டில் ஒன்று. அநுமந்தரத்தில் இருபத்துநான்காம் மெட்டில் ஒன்று. சாரணி ஏழாம் மெட்டில் இரைய, அதே ஏழாம் மெட்டில் பஞ்சமத் தந்தி தெளிவாக ஒலித்தது. ஒரு மெட்டு ஒரு தந்திக்கு மட்டும் தளர்ந்தும் மற்றதற்கு இறுகியும் இராதன்றோ? அப்போதே மெழுகின்மேல் சாற்றப்பட்ட பழி நீங்கிவிட்டது.

அந்த நான்கு இடங்களையும் வரிசையாக மீண்டும் மீட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். “தாத்தா! நாலும் ஒரே சுரம்!” என்றாள்.

உண்மைதான். ஒவ்வொரு மெட்டும் அரைச் சுரம் உயர்த்தும். சாரணியைத் தொடாமல் மீட்டினால் ஸட்ஜம். ஏழாம் மெட்டில் பஞ்சமம். பஞ்சமத் தந்தி கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்குவது. தந்தியின் நீளம் சரிபாதியாகும் பன்னிரண்டாம் மெட்டில் அதே நடுப் பஞ்சமம் பிறக்கும். மற்ற இரண்டையும் இவ்வாறே எண்ணிப் பாருங்கள். பழந்தமிழ் இசைநூலார் மொழியில் கூறினால், நான்கு தந்திகளும் வெவ்வேறு இடங்களில் நின்று சமன் தானத்து இளி என்னும் ஒரே சுரத்தை ஒலித்தன. அச்சுரம் எழும்போதெல்லாம் இரைச்சலும் எழுந்தது. குறை மெட்டில் இருந்தால் இடத்தைப் பற்றி நிற்கும். இங்கோ அது சுரத்தைப் பற்றி நின்றது. எனவே இரண்டாம் வகை. வேறெதுவோ ஒன்று நடுப் பஞ்சமத்தைக் கேட்கும்போதெல்லாம் தானே நடுங்குகின்றது.

ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இசைய உரிய வேளையில் சிறிது சிறிதாகத் தள்ளினால் அது பேராட்டம் ஆடும்; வேளை தவறித் தள்ளினால் ஆட்டம் நின்றுவிடும். ஒலிக்கும் இஃது ஒக்கும். ஒரு தந்தியின் இயல்பான அதிர்வும் அருகே எழும் ஒலியின் அதிர்வும் எண்ணிக்கையில் ஒன்றாயின், யாரும் தொடாமலே அத்தந்தி அதிரத் தொடங்கும். அதிர்வெண் ஒத்ததனால் நிகழும் இதனை ஒத்ததிர்வு என்று உங்கள் அறிவியல் பாடம் கூறும். எங்கள் வீணையில் நடுப் பஞ்சமத்திற்குச் சுருதி கூட்டிய பொருள் யாது? தாளத் தந்திகள் மூன்றனுள் நடுவில் உள்ள பக்க பஞ்சமம்.

மெல்லிய தாளை நெல்மணி அளவில் மூன்று துண்டுகளாகக் கிழித்து, நடுவே மடித்து, தாளத் தந்திகள் மூன்றின்மேலும் ஒவ்வொன்றாக ஏற்றி வைத்தேன். “சாரணியில் ஏழாம் மெட்டை மீட்டு” என்றேன். மீட்டினாள். முதல் தாளும் மூன்றாம் தாளும் இலேசாக நடுங்கி இருந்த இடத்திலேயே இருந்தன. நடுத் தாள் துள்ளிக் கீழே விழுந்தது! அவள் கைகொட்டினாள். பிறகு நான் அத்தந்தியை ஒரு விரலால் அடக்கிக்கொண்டேன். அவள் அந்த நான்கு இடங்களையும் மீட்டினாள். இரைச்சல் அறவே இல்லை. விரலை எடுத்தேன், வண்டு மீண்டும் முரன்றது.

பஞ்சமத் தந்தியை வெறுமனே மீட்டியபோதும் இரைச்சல் சிறிது கேட்டதன் காரணமும் இப்போது விளங்கியது. கீழ்ப் பஞ்சமத்தின் ஒலியினுள் அதன் இருமடங்கு அதிர்வுடைய நடுப் பஞ்சமமும் நுண்ணிதாகக் கலந்திருக்கும். அந்நுண்ணொலியே பக்கத் தந்தியை எழுப்பிவிட்டது. வந்தவர் அத்தந்தியைத்தான் மீட்டிப் பார்த்தார். அதன் அடியில் மெழுகு இருந்தது. ஐயம் மெழுகின்மேல் விழுந்தது. என் பெயர்த்தியோ இன்னும் தாளத் தந்திகளைத் தட்டும் பாடத்திற்கு வரவில்லை. ஆகவே, நோயுற்ற தந்தியை ஒருவரும் தொடவுமில்லை. அதன் குரலை நேரே கேட்கவுமில்லை. இப்போது அவள் சுண்டுவிரலால் அதனைத் தட்டியவுடன் அந்தக் கரகரப்பு ஒளிவுமறைவின்றி வெளிப்பட்டது.

உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டு பித்தளை வளைவைப் பார்த்தோம். முப்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தித் தந்தி அங்கே ஒரு பள்ளத்தை அறுத்திருந்தது. மூன்றாண்டு ஓய்வில் தந்தியும் துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிட்டது. பள்ளத்தின் கரையில் அத்துருத் தந்தி உரசியதே இரைச்சல். யாளிமுகத்தை நாள்தோறும் துடைத்து விளக்கேற்றி வைப்போர் பலர். தந்தியைத் துடைப்போர் சிலர். என் துணைவியார் வாசித்து முடித்ததும் மெல்லிய துணியால் ஏழு தந்திகளையும் துடைத்த பின்னரே எழுவார்.

பழைய தந்தியைக் கழற்றி, பள்ளத்தின் கூர்ங்கரையை மிக நுண்ணிய உப்புத்தாளால் இழைத்து, புதிய எஃகுத் தந்தியை அப்பள்ளத்தை விட்டு அரை எள்ளளவு தள்ளி அமரச் செய்தோம். செலவு ஒரு தந்தியின் விலை. சாரணியில் ஏழாம் மெட்டை மீட்டியபோது பஞ்சமம் மாசின்றி எழுந்தது. தொடாத பக்கத் தந்தியும் அதற்கு இனிதாகத் துணைபோயிற்று. மெட்டுகள் வைத்தவர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. மதுரையிலிருந்து வந்தவருக்குச் செய்தியைச் சொல்லியனுப்பினேன். அவர் தாமே வந்து, கட்டத்தாளை நெடுநேரம் பார்த்து, “இதில் ஒரு படி எனக்கு வேண்டும், ஐயா” என்று கேட்டு வாங்கிச் சென்றார்.

இச்செய்தி தெருவில் பரவியதும், பக்கத்து வீட்டுச் சிறுவன் தன் உகுலேலேயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நான்கு தந்திகளையுடைய சிறு கருவி அது. கைக்குழந்தை போல மார்போடு அணைத்து வாசிப்பர். போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக 1879 ஆம் ஆண்டில் கப்பலேறி ஹவாய்த் தீவுகளுக்குப் போனவர்கள் தங்கள் ஊர்ச் சிறுகருவியை உடன் கொண்டுபோக, அங்கே அது மாறிப் பிறந்ததே உகுலேலே. அந்நாட்டு மொழியில் துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். நைலான் தந்தி, பலாவும் இல்லை, மெழுகும் இல்லை, யாளியும் இல்லை. ஆயினும் என் பெயர்த்தி அதனை வாங்கிக்கொண்டு, சிறிதும் தயங்காமல் கட்டத்தாளை எடுத்தாள்.

இம்முறை இரண்டு பிற்பகல்கள் தேவைப்படவில்லை. மூன்றாம் தந்தியை விரல் வையாமல் மீட்டினால் இரைந்தது. எந்த மெட்டில் விரல் வைத்தாலும் இரைச்சல் நின்றது. தாளில் ஒரே புள்ளி. விரல் வைத்தவுடன் தந்திக்குத் தொடர்பற்றுப் போகும் பகுதி தலைப்பக்கம்தான். அங்கே தந்தி தங்கிச் செல்லும் கட்டையில், வீணையின் மேருவைப் போன்ற இடத்தில், காடி ஆழமாகிவிட்டிருந்தது. அதனால் தந்தி தாழ்ந்து முதல் மெட்டைத் தொட்டது. தந்தியைச் சற்றுத் தளர்த்திக் காடியினின்று தூக்கி, சிறு தாள்துண்டு ஒன்றை மடித்து அடியில் வைத்து, மீண்டும் முறுக்கிச் சுருதி கூட்டினாள். இரைச்சல் போயிற்று. “தாள் நசுங்கிவிட்டால் என்ன செய்வது, அக்கா?” என்று அவன் கேட்டான். “அப்போது அந்தக் கட்டையை மட்டும் மாற்றினால் போதும், மற்றதை யாரும் தொடவேண்டாம்” என்று அவள் கூறினாள். அவன் அந்தக் கட்டத்தாளையும் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மீட்டியவாறே படியிறங்கிப் போனான்.